பெரிய எண்ணைக் கண்டு கும்பிட வேண்டாம்

தமிழில் கணிதம் பேசும் வீடியோக்களில் ஒரு வகை இருக்கிறது. உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். முகப்பில் ஒரு மண்டை வெடித்துச் சிதறும். "உலகத்திலேயே பெரிய எண்!" என்று சிவப்பில் எழுதியிருக்கும். பேசுகிறவர் கிரகாம் எண் பற்றிச் சொல்வார். அதை எழுத இந்தப் பிரபஞ்சத்தில் இடம் காணாது, அதன் இலக்கங்களைத் தலைக்குள் வைக்கப் பார்த்தால் தலை கருந்துளையாகிவிடும், மனித மூளையால் கற்பனைகூடச் செய்ய ஏலாது, கிட்டத்தட்ட முடிவிலிதான். இசை கூடும். வீடியோ முடியும். கீழே நூறு பேர் "புல்லரிக்குது" என்று எழுதியிருப்பார்கள்.

பார்த்து முடித்த ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த எண் எப்படிக் கட்டப்படுகிறது? யாருக்கு, எதற்கு அது தேவைப்பட்டது? அதைப் பற்றி உறுதியாக என்ன தெரியும்? பதில் வராது. ஏனென்றால் வீடியோவில் அதெல்லாம் இல்லை. அதில் இருந்தது ஒரு பெரிய கும்பிடு மட்டும்தான்.

இந்தக் கும்பிடுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். நான் கலைப்பீட மாணவி, கணிதத்தில் பட்டம் படிக்கிறவள் இல்லை. கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படியான வீடியோக்களால் பெரிய நட்டமில்லை. அவர்கள் விரிவுரையில் படித்துக்கொள்வார்கள். நட்டம் எங்களுக்குத்தான். எங்களுக்குக் கிடைக்கிற கணிதம் இது மட்டும்தான், அதுவும் "உனக்கு விளங்காது, வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போ" என்கிற தொனியில்.

முதலில் "கிட்டத்தட்ட முடிவிலி" என்பதை எடுப்போம். இது மிகைப்படுத்தல் இல்லை, பிழை. முடிவிலிக்குக் கிட்ட என்று ஓர் இடமே இல்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதோடு ஒன்றைக் கூட்டலாம், இரண்டால் பெருக்கலாம், கூட்டிக்கொண்டே போகலாம். அந்தப் பயணத்தில் 7 எவ்வளவு தூரம் பின்னால் நிற்கிறதோ அதே அளவு பின்னால்தான் கிரகாம் எண்ணும் நிற்கிறது. "உலகத்திலேயே பெரிய எண்" என்பதற்கும் இதே பதில்தான். அந்த எண்ணோடு 1 கூட்டுங்கள், பெரிய எண் மாறிவிடும். கணிதத்திலேயே ட்ரீ(3) போன்ற எண்கள் கிரகாம் எண்ணை ஒன்றுமே இல்லாததாக்கிவிட்டன.

இந்தக் குழப்பத்தை ஒருவர் 2,200 வருடங்களுக்கு முன்னரே தீர்த்து வைத்திருக்கிறார். ஆர்க்கிமிடீஸ், சிராக்கூஸ் மன்னன் கெலோனுக்கு எழுதிய ஒரு சிறு நூலில் மணலை எண்ணினார். அவர் காலத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. மணல் முடிவற்றது என்றது ஒன்று. முடிவுள்ளதுதான், ஆனால் அவ்வளவு பெரிய எண் எதற்கும் பெயர் கிடையாது என்றது மற்றது. இரண்டு கட்சியும் வேறு வேறு காரணம் சொன்னாலும் செய்தது ஒரே வேலை. எண்ணுவதை நிறுத்தின. கிரேக்க மொழியில் எண்ணுக்கான சாதாரணச் சொற்கள் 10,000உடன் முடிந்துவிடும். அதையே படியாக வைத்து ஆர்க்கிமிடீஸ் ஒரு புதிய ஏணியைக் கட்டினார். ஒரு கசகசா விதைக்குள் அடங்கும் மணல் 10,000 துகள்களுக்கு மேற்படாது. 40 கசகசா விதைகளை வரிசையாக வைத்தால் ஒரு விரல் அகலம். விரலில் இருந்து மைதானம், மைதானத்தில் இருந்து பூமி, பூமியில் இருந்து விண்மீன் கோளம். அதுவும் சும்மா சின்னக் கோளம் இல்லை. சூரியனை நடுவில் வைத்து அரிஸ்தார்க்கஸ் சொன்ன, அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிரபஞ்சம். அதை முழுக்க மணலால் நிரப்பினாலும் துகள்களின் தொகை, இன்றைய எழுத்துமுறையில், 10இன் 63ஆம் வலுவுக்கு மேலே போகாது என்று காட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் அவ்வளவு மணலையும் மனக்கண்ணில் கொண்டுவரவில்லை. கொண்டுவரத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு படியும் அடுத்த படியை எப்படித் தருகிறது என்பதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரிய எண்ணை விளங்கிக்கொள்வது என்றால் இதுதான். படம் பார்ப்பது இல்லை, விதியைப் பிடிப்பது.

"கற்பனை செய்யவே ஏலாது" என்று பயமுறுத்துகிறவர்கள் மறைக்கிற ஒரு விடயம் உண்டு. எங்கட கற்பனை கிரகாம் எண்ணில் தோற்பதில்லை. அது எப்பவோ, வீட்டு விறாந்தையிலேயே தோற்றுவிட்டது.

304 விளையாடியிருப்பீர்கள். முப்பத்திரண்டு சீட்டு, நாலு பேர், ஆளுக்கு எட்டு. அந்த 32 சீட்டையும் எத்தனை விதமாக அடுக்கலாம்? முதல் இடத்துக்கு 32 சீட்டில் எதுவும் வரலாம், அடுத்ததற்கு 31, பிறகு 30. இப்படியே 1 வரை பெருக்கிக்கொண்டு போனால் 36 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வரும். உலகத்தில் உள்ள 8 பில்லியன் மக்களும், பிரபஞ்சம் தோன்றிய நாளில் இருந்து இன்றுவரை, விநாடிக்கு ஒருதரம் சீட்டைக் கலைத்து ஒவ்வொருதரமும் ஒரு புதிய அடுக்கைக் கண்டிருந்தாலும், மொத்த அடுக்குகளில் ஏழு கோடியில் ஒரு பங்கைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். இதுவரை எந்த மனிதர் கையிலும் வராத ஓர் அடுக்கைத்தான் நீங்கள் போன விடுமுறையில் மாமாவோடு கலைத்துப் போட்டிருப்பீர்கள். அதற்காக யாரும் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சீட்டைக் கும்பிடவில்லை.

இன்னும் கிட்டவும் வரலாம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை இலங்கை நிறுத்தியபோது செய்திகளில் வந்த தொகை 51 பில்லியன் டொலர். அதை எத்தனை பேர் கற்பனை செய்து பார்த்தோம்? ஒரு மில்லியன் விநாடி என்பது பதினொன்றரை நாள். ஒரு பில்லியன் விநாடி 31 வருடத்துக்கும் மேல். விநாடிக்கு ஒரு டொலராக எண்ணினால் 51 பில்லியனை முடிக்க 1,600 வருடம் வேண்டும். மில்லியனும் பில்லியனும் எங்கட காதில் ஒரே மாதிரித்தான் விழுகின்றன, இரண்டும் வெறும் "கனக்க". இந்த மங்கலில்தான் வரவுசெலவுத் திட்ட உரைகள் எல்லாம் தப்பிப் போகின்றன. ஆகவே கற்பனைக்கு எட்டாமை என்பது ஏதோ சில அதிசய எண்களின் தனிக்குணம் இல்லை. சில ஆயிரத்தைத் தாண்டினால் எல்லா எண்ணும் அப்படித்தான். அதற்காக விளங்கிக்கொள்வதை நிறுத்தினால் எங்கட கடனையே எங்களுக்கு விளங்காது.

சரி, இனி கிரகாம் எண்ணுக்கே வருவோம். உங்களுக்கு விளங்காது என்று சொன்ன அதே எண். சாதாரண தரக் கணக்கு போதும்.

கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெருக்கல். பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்தால் வலு. இதை டொனால்ட் நூத் என்ற கணினி விஞ்ஞானி 1976இல் அம்புக்குறியால் எழுதிக் காட்டினார். 3↑3 என்றால் மூன்று 3களின் பெருக்கம், அதாவது 27. வலுவைத் திரும்பத் திரும்பச் செய்தால் இரண்டு அம்பு. 3↑↑3 என்பது மூன்று 3கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் கோபுரம், அதாவது 3இன் 27ஆம் வலு. அதன் பெறுமதி 7,625,597,484,987. கோபுரத்தில் இன்னும் ஒரே ஒரு மாடி கட்டினால், வருகிற எண்ணில் இலக்கங்கள் மட்டும் 3.6 ட்ரில்லியனுக்கு மேல். இனி மூன்று அம்பு. 3↑↑↑3 என்பது 7,625,597,484,987 மாடிகள் கொண்ட 3களின் கோபுரம். நாலு அம்பு என்றால், அந்த மூன்று அம்பு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. 3↑↑↑↑3 என்பது கிரகாம் ஏணியின் முதல் படி. இரண்டாம் படியிலும் இரண்டு 3கள்தான், ஆனால் அவற்றுக்கு இடையில் இருக்கும் அம்புகளின் எண்ணிக்கை முதல் படியில் வந்த எண். மூன்றாம் படியில் அம்புகளின் எண்ணிக்கை இரண்டாம் படியில் வந்த எண். இப்படி 64ஆம் படி வரை ஏறினால் வருவதுதான் கிரகாம் எண்.

முடிந்தது. ஒரு பந்திக்குள் அடங்கிவிட்டது. இதில் மறைபொருள் ஒன்றும் கிடையாது, ஊகமும் இல்லை. அந்த எண்ணை வேறு எந்த எண்ணோடும் குழப்ப முடியாதபடி நீங்கள் இப்போது பிடித்துவிட்டீர்கள்.

"ஆனால் அதை எழுத ஏலாதே" என்பார்கள். இலக்கம் இலக்கமாக எழுத ஏலாது, உண்மைதான். மூன்றில் ஒன்றையும் தசமத்தில் எழுதி முடிக்க ஏலாது. 0.333 என்று காலம் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கலாம். அதற்காக ஒரு கேக்கை மூன்றாக வெட்ட யாரும் தயங்குவதில்லை. இலக்கங்களாக எழுதுவது ஓர் எண்ணைச் சொல்லும் பல வழிகளில் ஒன்று. அந்த வழி அடைபட்டால் வேறு வழியால் போவதுதான் கணிதம். தலை கருந்துளையாகும் கதையும் இலக்கங்களை மனப்பாடம் செய்வதைப் பற்றியது. மனப்பாடம்தான் அறிவு என்று நினைக்கிற கல்விமுறையில் வளர்ந்ததால்தான் அந்தக் கதை எங்களுக்கு இவ்வளவு பிடிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விதி கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்று பாருங்கள். யாராலும் எழுத முடியாத அந்த எண்ணின் கடைசி இலக்கத்தைக் கண்டுபிடிப்போம். 3இன் வலுக்கள்: 3, 9, 27, 81, 243, 729, 2187, 6561. கடைசி இலக்கங்கள் 3, 9, 7, 1 என்று நான்கு நான்காகச் சுற்றிவருகின்றன. ஆகவே சுட்டியை 4ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். மீதி 1 என்றால் 3, மீதி 2 என்றால் 9, மீதி 3 என்றால் 7, மீதி இல்லாவிட்டால் 1. கிரகாம் எண் 3களின் ஒரு நெடிய கோபுரம். அதனால் அதன் சுட்டியும் 3இன் ஒரு வலுதான். 3இன் வலுக்களை 4ஆல் வகுத்தால் மீதி 3, 1, 3, 1 என்று மாறிமாறி வரும், சுட்டி ஒற்றை எண்ணாக இருந்தால் 3. மேலே உள்ள சுட்டியும் 3களின் பெருக்கம் என்பதால் அது ஒற்றை எண். எனவே மீதி 3. எனவே கடைசி இலக்கம் 7. இதே வழியில் போய்க் கடைசிப் பத்து இலக்கங்களையும் கண்டிருக்கிறார்கள்: 2464195387. முதல் இலக்கம் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. எது தெரியும், எது தெரியாது, ஏன் தெரியாது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அதற்குப் பெயர் விளக்கம். "மூளை வெடிச்சிடும்" என்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க ஏலாது.

அடுத்த கேள்வி, இந்த எண் எதற்கு? யாரையும் பயமுறுத்த இது உருவாக்கப்படவில்லை. இதன் பின்னால் இருப்பது ஒரு கலைப்பீடக் கேள்வி என்றே சொல்வேன்.

ஆறு பேர் ஒரு அறையில் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேராவது ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக இருப்பார்கள், அல்லது மூன்று பேராவது ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருப்பார்கள். கட்டாயம். எப்படி? ஒருவரை எடுங்கள். மற்ற ஐந்து பேரில் குறைந்தது மூன்று பேரை அவருக்குத் தெரியும், அல்லது குறைந்தது மூன்று பேரைத் தெரியாது. தெரியும் என்று வைப்போம். அந்த மூவரில் யாராவது இருவர் தெரிந்தவர்கள் என்றால் இவரோடு சேர்த்து மூன்று பேர் ஆயிற்று. ஒருவரும் தெரிந்தவர்கள் இல்லை என்றால் அந்த மூவருமே அறியாத மூவர். தெரியாது என்று தொடங்கினாலும் இதே வழிதான். ஐந்து பேர் போதாது. வட்டமாக இருந்து பக்கத்தில் இருக்கும் இருவரை மட்டும் தெரியும் என்றால் இது நடக்காது. ஆகவே விடை 6. மூன்றுக்குப் பதிலாக நான்கு பேர் என்று கேட்டால் விடை 18. ஐந்து பேர் என்றால்? 43க்கும் 46க்கும் இடையில் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். 43 பேருக்கு இடையில் 903 சோடிகள். ஒவ்வொரு சோடியும் தெரியும் அல்லது தெரியாது என்று எழுதிப் பார்த்தால் வரும் வகைகளின் தொகைக்கு 272 இலக்கங்கள். எந்தக் கணினியாலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஏலாது. கேள்வி ஒரு விருந்தில் இருக்கும் ஆட்களைப் பற்றியது, கலைத்துப் பார்க்கவேண்டிய வகைகள் பிரபஞ்சத்தைத் தாண்டிவிடுகின்றன.

இந்தத் துறைக்குப் பெயர் தந்தவர் ஃபிராங்க் ராம்சே. கேம்பிரிட்ஜில் மெய்யியலும் பொருளியலும் எழுதியவர். விட்கன்ஸ்டைனின் நண்பர். 26 வயதில், 1930இல் இறந்துபோனார். அவர் நிறுவிய அந்தத் தேற்றம் வந்தது தர்க்கவியல் பற்றிய ஒரு கட்டுரைக்குள். வேறொன்றை நிறுவுவதற்காக இடையில் நிறுவியது. "கலைப்பிரிவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ரொனால்ட் கிரகாமும் புரூஸ் ரொத்ஷைல்டும் இதே மாதிரி ஒரு கேள்வியைச் சதுரமுகியில் கேட்டார்கள். ஒரு சதுரமுகியின் எல்லா உச்சிகளையும் ஒன்றோடு ஒன்று கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு அல்லது நீலம் பூசுங்கள். ஒரே தளத்தில் உள்ள நான்கு உச்சிகள், அவற்றை இணைக்கும் ஆறு கோடுகளும் ஒரே நிறம், அப்படி ஒரு கூட்டம் வராமல் பூச முடியுமா? மூன்று பரிமாணத்தில் முடியும். நாலு, ஐந்து என்று பரிமாணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஏதோ ஓர் இடத்தில் எப்படிப் பூசினாலும் தப்ப முடியாமல் போகும். அந்த இடம் எது? நிச்சயம் அப்படி ஓர் இடம் உண்டு என்றும், அது ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் வரும் என்றும் 1971இல் நிறுவினார்கள். நாங்கள் கதைக்கிற கிரகாம் எண், அந்த உச்ச எல்லையின் இன்னும் பெரிய ஒரு வடிவம். 1977இல் மார்ட்டின் கார்ட்னர் "சயன்டிஃபிக் அமெரிக்கன்" பத்தியில் எழுதிப் பிரபலமாக்கினார், 1980இல் கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது.

அப்படியென்றால் உண்மையான விடை எவ்வளவு? 13ஐவிடக் குறைவில்லை என்று தெரியும். உச்ச எல்லையை அதற்குப் பிறகு நிறையவே கீழே இறக்கியும் இருக்கிறார்கள். விடை 13 ஆகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. எனக்கு இந்தக் கதையில் அதிசயமாகப் படுவது எண்ணின் பருமன் இல்லை, இந்த இடைவெளி. 13க்கும் அந்த எல்லைக்கும் இடையில் ஓர் இடத்தில் விடை இருக்கிறது, இரண்டு பக்கமும் சுவர் கட்டி மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு போகிறார்கள். வீடியோக்கள் தூக்கி எறிந்தது இந்தக் கதையைத்தான்.

இன்னொரு பக்கத்தில் இருந்து வேறொரு கும்பிடும் வருகிறது. "எங்கட ஆக்கள் இதையெல்லாம் அப்பவே கண்டுபிடிச்சிட்டினம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள். பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களின் பெயர்கள் வருவது உண்மை. அழகான பெயர்கள். ஆனால் பெயர் வைத்தல் வேறு, விளங்குதல் வேறு. 1க்குப் பின்னால் 100 பூச்சியம் போட்ட எண்ணுக்குக் கூகோல் என்று பெயர் வைத்தது எட்வர்ட் காஸ்னர் என்ற கணிதவியலாளரின் மருமகன், ஒன்பது வயதுப் பையன். பெயர் வைப்பது அவ்வளவு இலகு. சுற்றுகிற தமிழ்ப் பட்டியல்களில் எந்தப் பெயர் எத்தனையைக் குறிக்கிறது என்பதில்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பெருமைப்பட வேண்டுமென்றால் அந்தப் பெயர்களை வைத்து என்ன கணக்குச் செய்தார்கள் என்று தேடுவோம். பட்டியலை முன்னோக்கி அனுப்புவது ஆராய்ச்சி இல்லை.

"எல்லாம் சரி, இதால் என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 100 வரை 25 முதன்மை எண்கள் இருக்கின்றன. முதன்மை எண்களின் தொகையை மதிப்பிடும் புகழ்பெற்ற ஒரு சூத்திரம் 30 என்கிறது. 1,000 வரை 168, மதிப்பீடு 178. பத்து இலட்சம் வரை 78,498, மதிப்பீடு கிட்டத்தட்ட 78,628. மதிப்பீடு எப்பவும் கொஞ்சம் கூட. கணித்துப் பார்த்த ஒவ்வொரு இடத்திலும் இப்படித்தான். ஆனால் இது ஓர் இடத்தில் தலைகீழாகும் என்று 1914இல் லிட்டில்வுட் நிறுவினார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. அவருடைய மாணவர் ஸ்கியூஸ் 1933இல், ரீமானின் கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்டு, ஓர் எல்லை சொன்னார். 10இன் மேல் 10, அதன் மேல் 10, அதன் மேல் 34 என்று நிற்கும் கோபுரம். இன்று அந்த இடம் 317 இலக்க எண் ஒன்றுக்குக் கீழே என்று தெரியும். அதுவே எந்தக் கணினியும் ஒவ்வொன்றாக எண்ணிப் போய்ச்சேர முடியாத தூரம். கோடிக்கணக்கான உதாரணங்கள் ஒரே பக்கம் சாய்ந்தாலும் அது நிறுவல் ஆகாது. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதில்லை. தொகுத்தறிதலின் எல்லை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாங்கள். எங்கட பாடத்துக்கு இதைவிடக் கூரான உதாரணம் எங்கே கிடைக்கும்?

இனி "இது எங்களுக்கானது இல்லை" என்ற கதை. இந்த நாட்டில் 16 வயதில் ஒரு சோதனை முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறோம். கலைப்பிரிவுக்கு வந்த பிள்ளையிடம் "இனி உனக்குக் கணக்கு இல்லை, தப்பிச்சாய்" என்று வாழ்த்துவதும் நாங்கள்தான். 2024இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிஸி பீவர் என்றொரு கணக்கு, 1962இல் திபோர் ராடோ கேட்டது. மிகக் குறைந்த விதிகள் கொண்ட ஒரு சிறு இயந்திரம், பூச்சியங்கள் நிரம்பிய ஒரு நாடாவில் ஓடி எழுதிவிட்டு நிற்கவேண்டும். நிற்பதற்கு முன் அதிகபட்சம் எத்தனை அடி போகும்? இயந்திரத்துக்கு இரண்டு நிலை என்றால் 6. மூன்று என்றால் 21. நாலு என்றால் 107. ஐந்து நிலைக்கு 47,176,870. இந்தக் கடைசி விடையை நிறுவியது இணையத்தில் கூடி வேலை செய்த ஒரு குழு. அவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடையாது. நிறுவலைக் கணினியால் சரிபார்க்கும் வடிவில் எழுதி முடித்தவர் தன் சொந்தப் பெயரைக்கூட வெளியிடவில்லை. ஆறு நிலைக்கு விடை குறைந்தது 10இன் மேல் 10 என்று 15 மாடி நிற்கும் கோபுரம். இந்த வரிசை முழுவதையும் கணிக்கக்கூடிய ஒரு செய்முறை இருக்கவே முடியாது என்பதும் நிறுவப்பட்ட உண்மை. இதை முன்னெடுத்தவர்கள் "மூளை வெடிச்சிடும்" என்று கைகட்டி நிற்கவில்லை. விதியை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

இதில் எனக்குள்ள கோபம் கணிதத்தோடு முடியவில்லை. தமிழில் "எண்ணற்ற", "எண்ணிலடங்கா", "கணக்கில்லா" என்று தாராளமாக எழுதுகிறோம். 2009இல் கொல்லப்பட்ட மக்களைப் பற்றி எழுதும்போதும் அதே சொற்கள்தான். மரியாதையாகத்தான் எழுதுகிறோம், தெரியும். ஆனால் அந்த உயிர்கள் எண்ண முடியாதவை இல்லை, எண்ணப்படாதவை. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. கூட்டியும் குறைத்தும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 40,000 என்பது விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் பதினொரு மணித்தியாலத்தில் எண்ணி முடிக்கக்கூடிய தொகை. முடிவுள்ள ஒரு தொகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. "எண்ணிலடங்கா" என்று நாங்களே எழுதினால், எண்ண மறுத்தவர்களுக்கு அது வசதி. ஆர்க்கிமிடீஸ் காலத்து இரண்டு கட்சிகளும் செய்த வேலையைத்தான் அப்போது நாங்களும் செய்கிறோம்.

வியப்பே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். வீடியோவைப் பார்த்து ஒரு பிள்ளை கணிதத்துக்குள் வந்தால் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் கடைசி இலக்கம் 7 என்று நீங்களே கண்டுபிடிக்கும்போது வருகிற வியப்பும், இசை போட்டு வரவைக்கிற வியப்பும் ஒன்றில்லை. முதலாவதற்குப் பிறகு அடுத்த கேள்வி வரும். இரண்டாவதற்குப் பிறகு அடுத்த வீடியோ வரும்.

ஆகவே வீடியோ செய்கிற, எழுதுகிற தமிழ் ஆட்களிடம் என் கோரிக்கை இதுதான். எண்ணின் பருமனைக் குறைத்துக் கதையுங்கள், கேள்வியை முழுசாகச் சொல்லுங்கள். அம்புக்குறியை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆறு பேர் கணக்குக்கு மூன்று நிமிடம். பார்க்கிற எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை யாராவது "கற்பனைக்கு எட்டாத எண்" என்று அனுப்பினால், புல்லரித்துவிட்டுப் போகாமல் அந்த மூன்று கேள்விகளையும் கீழே எழுதுங்கள். எப்படிக் கட்டப்படுகிறது? எதற்குத் தேவைப்பட்டது? உறுதியாக என்ன தெரியும்? பதில் தர முடியாதவர் அந்த எண்ணைப் பற்றி எங்களுக்கு எதையும் சொல்லித்தரவில்லை.